நல்ல வேலை எங்கே இருக்கிறது?

வேலை குறித்து மாணவர்கள் கேட்கும் கேள்வி மாறியிருக்கிறது. நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில், 'எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும்?' என்பதே கேள்வியாக இருந்தது. பின்னர் அது, 'எந்த வேலைக்குச் சம்பளம் அதிகம்?' என்று ஆனது. பணி ஓய்வுக்கு முந்தைய சில ஆண்டுகளில் மூன்றாவதாக ஒரு கேள்வி வந்து சேர்ந்தது: 'பிறருக்கும் மண்ணுக்கும் கெடுதல் செய்யாத வேலை எது?'

இதைக் கேட்டவர்கள் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் மட்டுமல்லர். கல்விக் கடன் வாங்கிப் படித்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் கேட்டார்கள். கிணற்று நீர் நிறம் மாறிப்போன ஊரிலிருந்து வந்த மாணவருக்கு அது ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது.

ஆண்டுக்கு 300 நாள்கள், நாளுக்கு எட்டு மணி நேரம், 35 ஆண்டுகள் என்று கணக்கிட்டால் ஒருவருடைய பணிவாழ்க்கை 84,000 மணி நேரம். வாழ்நாளில் நாம் செலவிடும் மிகப் பெரிய முதலீடு இதுதான். வீடு வாங்குவதற்கு முன் வில்லங்கச் சான்றிதழ் பார்க்கிறோம். இந்த முதலீட்டின் வில்லங்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

மாணவர்களின் கேள்விக்குப் பொதுவாக இரண்டு விடைகள் தரப்படுகின்றன. சூரிய மின்சாரம், மின்வாகனம், கழிவு மறுசுழற்சி போன்ற 'பசுமைத் துறை'களில் சேருங்கள் என்பது ஒன்று. பெருநிறுவனங்களை விட்டு விலகிக் கிராமத்துக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ செல்லுங்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டும் போதாதவை. ஒரு வேலையின் நன்மை தீமை, அது எந்தத் துறையில் இருக்கிறது என்பதைக் காட்டிலும், அந்த மேசையில் என்ன முடிவு எடுக்கப்படுகிறது, அந்த முடிவின் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதையே இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

'பசுமை' என்ற அடைமொழி

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பசுமை வேலைக்குத் தரும் வரையறையில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. அந்த வேலை சுற்றுச்சூழலைப் பாதுகாப்பதாகவோ மீட்பதாகவோ இருக்க வேண்டும். அதே நேரத்தில் கண்ணியமான வேலையாகவும் இருக்க வேண்டும். உரிய ஊதியம், பாதுகாப்பு, உரிமைகள் ஆகியவை இரண்டாவது நிபந்தனைக்குள் அடங்கும். அதே அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கை, சரியான கொள்கைகள் பின்பற்றப்பட்டால் 2030-க்குள் உலகில் 2.4 கோடிப் பசுமை வேலைகள் உருவாகும் என்று மதிப்பிட்டது. முதல் நிபந்தனை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இரண்டாவது எளிதில் மறக்கப்படுகிறது.

நம் நகரங்களில் சுற்றுச்சூழலுக்கு மிக அதிகமாக உழைப்பவர்கள் யார்? தூய்மைப் பணியாளர்களும் தெருவில் பழைய பொருள் பொறுக்குபவர்களும்தான். அவர்கள் ஒரு வாரம் கைகட்டி நின்றால் எந்த மாநகரமும் தாங்காது. ஆனால், அவர்களில் பலருக்குப் பணி நிரந்தரம் இல்லை, கையுறைகூட ஒழுங்காக இல்லை. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் முறையைத் தடை செய்து 2013-இல் புதிய சட்டம் வந்த பிறகும், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் நச்சுவாயு தாக்கி இறந்த செய்திகள் நிற்கவில்லை. முதல் நிபந்தனையை முழுமையாக நிறைவேற்றும் வேலை, இரண்டாவதில் இப்படித் தோற்றுப்போகிறது.

மாறாக, புனேயில் கழிவு சேகரிப்பவர்கள் தாங்களே உறுப்பினர்களாக இருந்து நடத்தும் 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பு, மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வீடு வீடாகக் குப்பை சேகரிக்கிறது. வீட்டார் செலுத்தும் கட்டணமும், பிரித்தெடுத்த பொருள்களை விற்ற பணமும் அவர்களுக்குச் சேர்கின்றன. குப்பை அதே குப்பைதான். வேலையின் உரிமையும் வருவாயும் யாரிடம் உள்ளன என்பதே மாறியது. அந்த மாற்றத்துக்கு ஒப்பந்தம் எழுதத் தெரிந்தவர்களும், கணக்கு வைக்கத் தெரிந்தவர்களும், மாநகராட்சியுடன் பேசத் தெரிந்தவர்களும் தேவைப்பட்டார்கள். சமூகப் பொறுப்புள்ள வேலை என்று நாம் தேடுவது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான் இருக்கிறது.

திருப்பூர் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். பருத்திப் பின்னலாடைக்குச் சாயமேற்றும்போது, சாயம் நூலில் பற்றுவதற்கு உப்புச் சேர்க்கிறார்கள். அடர் நிறங்களுக்குத் துணியின் எடையில் பாதியளவோ அதற்கு மேலோ உப்புத் தேவைப்படும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. கழிவுநீரோடு வெளியே வந்துவிடுகிறது. வழக்கமான சுத்திகரிப்பு முறைகள் நிறத்தையும் கரிமக் கழிவையும் குறைக்கும். நீரில் கரைந்த உப்பை அவற்றால் அகற்ற இயலாது. ஏற்றுமதி பெருகப் பெருக, திருப்பூரின் சாயநீர் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காக 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. கீழ்மடை விவசாயிகளின் நிலமும் கிணறும் உப்பேறின.

பொருளாதாரத்தில் இதற்குப் 'புறவிளைவு' என்று பெயர். ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஏ.சி. பிகூ 1920-இல் வெளியிட்ட நூலில் இதை முறைப்படி விளக்கினார். பொருளை விற்பவரும் வாங்குபவரும் பேசி முடிக்கும் விலையில், மூன்றாவது ஒருவருக்கு ஏற்படும் இழப்புச் சேராமல் போகிறது. திருப்பூர் பனியனின் விலையில் நூல், சாயம், கூலி, மின்சாரம், லாபம் அனைத்தும் இருந்தன. நொய்யல் விவசாயியின் கிணறு அதில் இல்லை.

விவசாயிகள் சங்கம் நீதிமன்றம் சென்றது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2009-இல் உச்ச நீதிமன்றமும் சாய ஆலைகளின் பொறுப்பை உறுதிசெய்தன. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத நிலையை எட்ட வேண்டும் என்ற உத்தரவு நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சாய ஆலைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான ஆலைகள் மூடப்பட்டன. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையிழந்து திகைத்தார்கள். பின்னர், சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து, எஞ்சும் அடர் உப்புநீரைக் கொதிகலன்களில் ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீண்டும் பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் படிப்படியாக இயங்கத் தொடங்கின. செலவு மிகுந்த முறை அது. மின்சாரத்தையும் விறகையும் ஏராளமாக விழுங்குவது. ஆயினும், ஓர் ஊரின் முழுச் சாயத் தொழிலும் இம்முறைக்கு மாறியது உலக அளவில் அரிதான நிகழ்வு.

இந்த வரலாற்றை வேலை தேடும் இளைஞரின் கண்ணோடு மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். நொய்யலைக் கெடுத்தது யார்? சாயத் தொட்டியின் அருகில் நின்ற தொழிலாளி மட்டுமா? சுத்திகரிப்புச் செலவைச் சேர்க்காமல் விலை குறித்த ஏற்றுமதி அலுவலர், அந்த விலையை மேலும் நசுக்கிய வெளிநாட்டு நிறுவனத்தின் கொள்முதல் அலுவலர், சுத்திகரிப்பு வசதியைச் சரிபார்க்காமல் கடன் வழங்கிய வங்கி அலுவலர், அபாயக் குறிப்பு எதுவும் எழுதாமல் ஐந்தொகையில் கையெழுத்திட்ட ஆடிட்டர், மாதிரி எடுக்க வேண்டிய நாளில் எடுக்காத அரசுப் பொறியாளர் என அதற்குப் பல மேசைகள் உண்டு. இவற்றில் எதன்மீதும் 'சுற்றுச்சூழல் வேலை' என்ற பெயர்ப்பலகை இல்லை.

நொய்யலை மீட்கும் முயற்சியிலும் இதே வகைத் தொழில்கள்தாம் இருந்தன. உப்பின் அளவை அளந்து காட்டிய வேதியியலர், விவசாயிகளுக்காக வாதாடிய வழக்கறிஞர், உப்புநீரை மறுபடியும் சாயத் தொட்டிக்கே அனுப்ப வழி கண்ட பொறியாளர், பொது நிலையங்களின் கட்டணத்தைப் பகிர்ந்து கணக்கிட்ட கணக்காளர் ஆகியோர் இல்லாமல் எந்தத் தீர்ப்பும் காகிதத்தைத் தாண்டியிருக்காது. ஆற்றைக் கெடுத்த தொழிலறிவும் காத்த தொழிலறிவும் ஒரே கல்லூரி வகுப்பறைகளிலிருந்து வந்தவை.

இரண்டு சதவீதமும் மீதமும்

சமூக அக்கறை உள்ள மாணவர்கள் பலர், பெருநிறுவனங்களின் 'சமூகப் பொறுப்பு' பிரிவில் சேர விரும்புகிறார்கள். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சொத்து மதிப்போ விற்பனையோ லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். பள்ளிக் கட்டடங்கள், குளம் தூர்வாருதல், மருத்துவ முகாம்கள் போன்ற எத்தனையோ நல்ல பணிகள் இதனால் நடக்கின்றன. அப்பிரிவில் பணியாற்றுவதில் குறையேதும் இல்லை.

ஆனால், கணக்கு ஒன்றை மறக்கக் கூடாது. அந்த இரண்டு சதவீதம் லாபத்திலிருந்து எடுக்கப்படுகிறது. லாபம் எப்படி ஈட்டப்பட்டது என்ற கேள்வி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு ஒரே மாதத்தில் கையாளும் தொகை, சமூகப் பொறுப்புப் பிரிவு ஆண்டு முழுவதும் செலவிடும் தொகையைவிடப் பெரிதாக இருப்பது சாதாரணம். சிறுதொழில் முனைவோருக்கு 45 நாள்களுக்குள் பணம் தருவதா, ஆறு மாதம் இழுத்தடிப்பதா என்று முடிவு செய்யும் கொள்முதல் அலுவலர், எத்தனையோ குடும்பங்களின் வாழ்வைத் தொடுகிறார். ஒப்பந்தத் தொழிலாளருக்கு வைப்பு நிதி செலுத்தப்பட்டதா என்று பார்க்கும் மனிதவள அலுவலரும் அப்படியே. சேவை மனம் கொண்ட இளைஞர்கள் எல்லோரும் அந்த இரண்டு சதவீதத்தின் பக்கம் சென்றுவிட்டால், பெரிய முடிவுகள் எடுக்கப்படும் இடங்கள் மற்றவர்களிடம் போய்விடும்.

சம்பளம் தருபவர் யார்?

மேசை எது என்பதோடு, அந்த மேசைக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். இதை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று குஜராத்தில் நடந்தது. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள், அம்மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் இணைந்து 473 தொழிற்சாலைகளில் அதை நடத்தினார்கள்; முடிவுகள் 2013-இல் வெளிவந்தன.

அங்கு மாசு மிகுந்த தொழிற்சாலைகள் ஆண்டுதோறும் தனியார் தணிக்கையாளரைக் கொண்டு மாசு அளவைச் சோதித்து அறிக்கை தர வேண்டும். அப்போது தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததும் கட்டணம் தந்ததும் தொழிற்சாலையே. அந்த ஏற்பாட்டின்கீழ், காற்றில் கலக்கும் துகள்மாசு ஏழு சதவீத ஆலைகளில் மட்டுமே வரம்பை மீறுவதாகத் தணிக்கையாளர்கள் எழுதினார்கள். ஆய்வாளர்கள் தனியே அளந்தபோது மீறல் 59 சதவீதமாக இருந்தது. பிறகு ஒரு பகுதி ஆலைகளுக்கு மட்டும் முறையை மாற்றினார்கள். தணிக்கையாளர் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டார்; பொது நிதியிலிருந்து நிலையான கட்டணம் பெற்றார்; சில அளவீடுகள் மீண்டும் சோதிக்கப்பட்டன. பொய்யாக 'வரம்புக்குள் உள்ளது' என்று எழுதுவது 80 சதவீதம் குறைந்தது. ஆலைகளும் மாசைக் குறைத்தன.

கருவிகளும் மாறவில்லை, தணிக்கைத் தொழிலும் மாறவில்லை. பணம் வரும் வழி மாறியதும் உண்மை வெளியே வந்தது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று சொல்லி வளர்க்கப்பட்ட சமூகம் நம்முடையது. சோதிக்கப்படுபவரே சோதிப்பவருக்கு உப்பிடும் ஏற்பாட்டில், தனிமனித நேர்மையை மட்டும் நம்புவது அந்த மனிதருக்கே செய்யும் அநீதி. நம் நாட்டில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்தையும் திட்டத்தைக் கொண்டுவருபவரே அமர்த்துகிறார். அத்துறையில் சேர விரும்பும் மாணவர்கள் இதை அறிந்துகொண்டு சேர வேண்டும். 'பாதகமான அறிக்கை எழுதியவர்கள் இந்த நிறுவனத்தில் இன்னும் வேலையில் இருக்கிறார்களா?' என்பது அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ஓர் ஆடிட்டரின் வழி

கணக்குப் பதிவியல் படித்தவர்கள், தங்கள் படிப்புக்கும் சமூகத்துக்கும் தொடர்பில்லை என்று நினைப்பதுண்டு. அவர்கள் ஜே.சி. குமரப்பாவின் வாழ்க்கையை அறிய வேண்டும். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காளராகத் தேர்ச்சி பெற்றவர். பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தியவர். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தபோது, இந்தியாவின் பொதுநிதிக்கும் வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1929-இல் காந்தியைச் சந்தித்த பின் அவருடைய வாழ்க்கை திசை மாறியது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் தம் தொழிலறிவைத் துறந்துவிடவில்லை என்பது. குஜராத்தின் மாதர் வட்டத்தில் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, விவசாயக் குடும்பங்களின் வரவு செலவைத் திரட்டினார். நிலவரி எவ்வளவு கடுமையானது என்பதை உணர்ச்சி மொழியில் சொல்லாமல் எண்களால் நிறுவினார். பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான பொதுக்கடனில் எது நியாயமானது என்று ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவிலும் பணியாற்றினார். ஒரு பேரரசின் ஐந்தொகையைத் தணிக்கை செய்தவர் என்று அவரைச் சொல்லலாம். அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை வழிநடத்தினார். இயற்கையின் முதலைத் தின்று வாழ்வதற்கும் அதன் வருவாயில் வாழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை வலியுறுத்தும் அவருடைய 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய நூல் 1945-இல் வெளிவந்தது. முதல், வருவாய் என்ற அந்தப் பார்வையே ஒரு கணக்காளரின் பார்வைதான்.

குமரப்பாவைப் போல் அனைவரும் கதர் உடுத்திக் கல்லுப்பட்டியில் குடியேற முடியாது. அது அவசியமும் இல்லை. கற்ற திறனை எந்தக் கேள்விக்கு விடை காணப் பயன்படுத்துவது என்று அவர் தேர்ந்தெடுத்தாரே, அதை எவரும் செய்யலாம்.

சம்பளம், கடன், அச்சம்

'இதெல்லாம் சரி ஐயா, வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டுமே' என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கல்விக் கடனும் தங்கையின் திருமணமும் தோளில் இருக்கும் 22 வயது இளைஞரிடம் தியாகம் பற்றி உபதேசிக்க, ஓய்வூதியம் வாங்கும் எனக்கு உரிமை இல்லை.

வெறுக்கத்தக்க வேலைக்குக் கூலி உயர்ந்தும், மனத்துக்கு உகந்த வேலைக்குத் தாழ்ந்தும் இருக்கும் என்று ஆடம் ஸ்மித் 1776-இலேயே விளக்கினார். ஆகவே, பொறுப்புள்ள வேலைக்கு ஓரளவு குறைந்த சம்பளத்தை ஏற்பது பொருளாதார அறிவுக்கு முரணானதல்ல. ஆனால், 'சேவை' என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் தற்காலிக ஊழியராக வைத்து, பிடித்தம் எதையும் கட்டாமல் உழைப்பை உறிஞ்சும் அமைப்புகளும் உண்டு. அவற்றுக்கு உழைப்பைத் தள்ளுபடி விலையில் தருவது தியாகமாகாது. தன் ஊழியருக்கு நீதி செய்யாத அமைப்பு, ஊருக்கு நீதி செய்வதாகச் சொல்வதை ஐயத்துடனே பார்க்க வேண்டும்.

முதல் வேலையே இறுதி வேலை என்பதும் இல்லை. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையை 11 படுக்கைகளுடன் தொடங்கியது 1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். அரசு மருத்துவராக அவர் கற்ற அறுவைத் திறன் அதற்கு முதலீடாயிற்று. கட்டணம் செலுத்தும் நோயாளிகளிடமிருந்து வரும் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு இலவச சிகிச்சை என்ற நிதி ஏற்பாடு, அந்நிறுவனத்தை நன்கொடையை மட்டுமே நம்பியிராமல் காத்தது. முதல் ஐந்தாறு ஆண்டுகள் சாதாரண நிறுவனம் ஒன்றில் தொழில் பழகி, கடனை அடைத்து, பிறகு திரும்புவது தோல்வியாகாது. ஒரே ஓர் எச்சரிக்கை: சம்பளத்தோடு மாதத் தவணைகளும் வளரும். தவணைகள் வளர வளர, 'முடியாது' என்று சொல்லும் உரிமை சுருங்கும். ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பு கையில் இருக்கும் ஊழியருக்குக் கையெழுத்திட மறுக்கும் துணிவு எளிதில் வரும். சிக்கனத்தைப் பொதுநலப் பண்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

அச்சமும் பொய்யானதல்ல. தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003-இல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 2014-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. அதை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கைதான் வரவில்லை. ஆகவே, தனியாகப் போரிடுங்கள் என்று எந்த இளைஞருக்கும் நான் சொல்ல மாட்டேன். எழுத்தில் பதிவு செய்யுங்கள், சக ஊழியர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தொழில்முறைச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள் என்பேன்.

தேடுவது எப்படி?

நடைமுறையில் சில வாய்ப்புகளைக் குறிப்பிடலாம். எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இன்கீழ் அமைந்த எரிசக்தித் திறன் பணியகம், எரிசக்தி மேலாளர், தணிக்கையாளர் ஆகியோருக்கான தேசியத் தேர்வை நடத்துகிறது. மின்சாரத்தை வீணடிக்கும் ஆலைகளும் மருத்துவமனைகளும் நிறைந்த நாட்டில் இது பயனுள்ள தகுதி. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் காற்றாலைத் துறையில் பயிற்சி அளிக்கிறது. சட்டம் படித்தவர்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வணிகவியல் படித்தவர்களுக்குப் புதிய தேவை ஒன்று உருவாகியுள்ளது: பங்குச் சந்தையில் மதிப்பின்படி முதல் ஆயிரம் நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. அந்த அறிக்கைகளை எழுதவும் சரிபார்க்கவும் ஆள் வேண்டும்.

அந்த அறிக்கை வேலை தேடுபவருக்கும் உதவும். நிறுவனம் எவ்வளவு நீர் எடுக்கிறது, எவ்வளவு கழிவை வெளியேற்றுகிறது, எத்தனை பேர் நிரந்தரமற்ற தொழிலாளர்கள், பணியிட விபத்துகள் எத்தனை, ஆண் பெண் ஊதியத்தில் வேறுபாடு உண்டா என்பனவெல்லாம் அதில் இருக்க வேண்டும். நேர்காணலுக்குச் செல்லும் முன் நிறுவனத்தின் விளம்பரப் படத்தைப் பார்ப்பவர்கள், அந்த அறிக்கையின் பத்துப் பக்கங்களையும் புரட்டிப் பார்க்கலாம்.

எந்த வேலையானாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். என் கையெழுத்தால் அல்லது கணக்கால் என்ன முடிவு நகரும்? அம்முடிவின் செலவைச் சுமப்பவர் யார், அவருக்கு அது தெரியுமா? உண்மையைச் சொன்னால் என்னை வேலையை விட்டு நீக்கக்கூடியவர் யார்? நான் சேராவிட்டால் இந்த இடத்துக்கு வருபவர் செய்யாத எதை நான் செய்யப் போகிறேன்? கடைசிக் கேள்வியைப் பொருளாதாரத்தில் இறுதிநிலைப் பயன் என்போம். ஆயிரம் பேர் போட்டியிடும் புகழ்பெற்ற பசுமை நிறுவனத்தில் ஆயிரத்தில் ஒருவராகச் சேர்வதைவிட, யாரும் கவனிக்காத தோல் தொழிற்சாலை ஒன்றின் சுத்திகரிப்பு நிலையத்தை ஒழுங்காக இயக்கும் வேதியியலராகச் சேர்வது கூடுதல் பயன் தரலாம். அந்த வேலைக்குத் தொலைக்காட்சியில் பேட்டி கிடைக்காது. பாலாற்றங்கரையில் ஒரு கிணறு பிழைக்கக்கூடும்.

கல்லூரிகளின் கடமை

இத்தனை சுமையையும் 22 வயது இளைஞர்களின் மனச்சாட்சிமீது ஏற்றிவிட்டு மற்றவர்கள் ஒதுங்க முடியாது. எம்.சி. மேத்தா வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வழிகாட்டியது. அதன் விளைவாக இளநிலை மாணவர் அனைவரும் ஒரு தாள் படிக்கிறார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் அது, ஓசோன் படலத்தின் வரையறையை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, வணிகவியல் மாணவர் ஓர் ஆலையின் செலவுக் கணக்கில் கழிவுநீரைச் சேர்த்து விலை போட்டுப் பார்க்க வேண்டும். வேதியியல் மாணவர் உள்ளூர்க் குளத்து நீரை அளந்து அறிக்கை எழுத வேண்டும். ஆங்கில இலக்கிய மாணவர் அந்த அறிக்கையை ஊராட்சித் தலைவருக்குப் புரியும் தமிழில் தர வேண்டும்.

வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்களிடம், அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்ற ஒன்றை மட்டுமே நம் கல்லூரிகள் கேட்டுப் பெற்றுப் பதாகையில் அச்சிடுகின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், கழிவுநீர் எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளையும் வேலைவாய்ப்புப் பிரிவு கேட்டு மாணவர்களுக்கு அறிவிக்கலாம். விடை தர மறுக்கும் நிறுவனத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. மறுத்தது என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். எந்த மேசையில் போய் அமர்கிறோம் என்பதை மாணவர்கள் தெரிந்துகொண்டு அமர்வார்கள்.